மேகாங் ஆறும் ஒரு விரல் நீள மீனும்

கம்போடியாவின் பணத்துக்கு ரியல் என்று பெயர். அந்த நாட்டில் ஒரு மீனுக்கும் அதே பெயர்தான். மீனின் பெயரைத்தான் பணத்துக்கு வைத்தார்கள் என்று அங்கே பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசின் பெயர் அது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, மீனையே பணம் என்று நினைக்கத் தோன்றும் அளவுக்கு அது அந்த மக்களின் வயிற்றோடு ஒட்டியது. கெண்டை இனம். விரல் நீளம்தான் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு சாண். வெயிலில் வெள்ளியாக மின்னும்.

இந்தக் கட்டுரை மேகாங் ஆற்றைப் பற்றியது. ஆறு நாடுகளில் ஓடும், 4,350 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ஆற்றை மொத்தமாகச் சொல்ல ஆரம்பித்தால் அணை, உப்பு, மணல், வெள்ளம் என்று எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எனக்கும் முதலில் அப்படித்தான் குழம்பியது. இந்த மீன் எங்கே போகிறது, எப்போது போகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஆறு பிடிபட்டது. அதனால் நாமும் அதன் பின்னாலேயே போவோம்.

முதலில் வரைபடம். திபெத் பீடபூமியில், சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் ஆறு பிறக்கிறது. அங்கே திபெத்தியர்கள் அதை ஸா சூ என்கிறார்கள். கீழே யுன்னான் மலைகளுக்குள் இறங்கும்போது அது லான்சாங். நீளத்தில் ஏறக்குறையப் பாதி சீனாவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பிறகு மியான்மர், லாவோஸ், தாய்லாந்து எல்லைகளைத் தொட்டுக்கொண்டு, லாவோஸின் தெற்குக் கோடியில் கோன் அருவிகளில் விழுந்து, கம்போடியாவுக்குள் நுழைகிறது. கடைசியில் வியட்நாமில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. வியட்நாமியர்கள் அதற்கு வைத்த பெயர் கியூ லாங், ஒன்பது நாகங்கள்.

இனி மீன். மே, ஜூனில் பருவமழை தொடங்கியதும் ஆறு ஏறும். ஏப்ரலில் ஓடும் நீரைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான நீர் செப்டம்பரில் ஓடும். நிறம் செம்மண் கரைத்ததுபோல மாறும். அந்தச் சமயத்தில் கம்போடியாவின் வடக்கே, ஸ்டுங் டிரெங், கிராட்டியே பகுதி ஆற்றில் ரியல் மீன்களும் இன்னும் பல வகை மீன்களும் முட்டையிடுகின்றன. முட்டையும் பொரிந்த குஞ்சும் நீந்தாது; வெள்ளம் இழுத்த இழுப்புக்கு மிதந்து தெற்கே வரும்.

தெற்கே தலைநகர் புனோம் பென் இருக்கிறது. அங்கே மேகாங்கோடு டோன்லே சாப் என்ற இன்னொரு ஆறு வந்து சேர்கிறது. அந்த ஆறு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள, அதே பெயர் கொண்ட பெரிய ஏரியிலிருந்து வருவது. கோடையில் ஏரி நீர் இந்த ஆற்றின் வழியாக மேகாங்குக்கு வடியும். மழைக்காலத்தில் மேகாங்கின் மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்துவிடும். அப்போது டோன்லே சாப் ஆறு நின்று, தயங்கி, அப்புறம் திரும்பி ஓடத் தொடங்கும். மேகாங் நீர் ஏரிக்குள் போகும். ஒவ்வொரு ஆண்டும் ஒரு ஆறு திசை மாறி, சில மாதம் கழித்து மறுபடி பழைய திசைக்கு வருகிறது! இதை முதலில் படித்தபோது வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மட்டங்களைப் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். மாயம் எதுவும் இல்லை. நீர் பள்ளத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். ஆனால் எது பள்ளம் என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

ஏரி வீங்கும் அளவைச் சொன்னால்தான் விஷயம் புரியும். ஏப்ரலில் அது சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நல்ல மழை ஆண்டில் அக்டோபருக்குள் 15,000 சதுர கிலோமீட்டர் வரை பரவும், ஆழம் எட்டு ஒன்பது மீட்டர் ஆகும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆறு சென்னை அளவுள்ள ஏரி, ஐந்து மாதத்தில் முப்பத்தைந்து சென்னை அளவுக்கு விரிகிறது. கரையோரக் காடுகளின் உச்சிவரை நீர் ஏறும். அங்கே வீடுகள் உயரமான கால்களின் மேல் நிற்கும்; கோடையில் ஏணியில் ஏறிப் போகும் வீட்டுக்கு மழைக்காலத்தில் படகைத் திண்ணையோரம் கட்டிவிட்டு உள்ளே போகலாம்.

மிதந்து வந்த குஞ்சுகள் இந்த மூழ்கிய காட்டுக்குள் நுழைகின்றன. இலைச்சருகு, பூச்சி, பாசி என்று தீனிக்குப் பஞ்சமில்லை. ஒளிந்துகொள்ள வேர்களும் கிளைகளும் இருக்கின்றன. சில மாதத்தில் நன்றாகக் கொழுக்கின்றன. மழை நின்று மேகாங் இறங்கியதும் ஏரி வடியத் தொடங்கும். நவம்பரில் நீர் திரும்பும் நேரத்தில் புனோம் பென்னில் படகுப் போட்டியோடு மூன்று நாள் திருவிழா நடக்கும். வடியும் நீரோடு ரியல் மீன்களும் ஏரியை விட்டுக் கிளம்பும். டிசம்பர், ஜனவரியில், பௌர்ணமிக்கு முந்தைய சில நாட்களில் அவை கூட்டம் கூட்டமாக இறங்கும். டாய் என்று அழைக்கப்படும், நூறு மீட்டருக்கு மேல் நீளமான பை வலைகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக நங்கூரமிட்டு வைத்திருப்பார்கள். நெல் விளையும் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக விவசாயிகள் வந்து ஆற்றங்கரையில் தங்குவார்கள். தலையை நறுக்கி, மிதித்துக் கழுவி, வெயில் காட்டி, உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பதுதான் பிரஹோக். மூக்கைத் துளைக்கும் வாடை. நம் வீட்டில் கருவாடு இருந்தால் குழம்புக்குக் கவலையில்லை என்பதுபோல, அங்கே ஒரு சாடி பிரஹோக் இருந்தால் அந்த ஆண்டுக்குச் சோறு இறங்கும். கம்போடிய மக்களுக்குக் கிடைக்கும் விலங்குப் புரதத்தில் பாதிக்கும் மேல் மீனிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு ஆற்று மீன், ஏரி மீன்.

வலைக்குத் தப்பியவை மேகாங்குக்குள் புகுந்து, எதிர்நீச்சல் போட்டு வடக்கே போகும். சில கோன் அருவி வரைக்கும், அதைத் தாண்டியும் போகும். கோடையில் ஆழமான மடுக்களில் காத்திருக்கும். மறுபடி மழை. மறுபடி முட்டை.

இப்போது இந்தப் பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். நீர் சரியான நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். வழி திறந்திருக்க வேண்டும். நீரில் வண்டல் இருக்க வேண்டும், ஏனென்றால் காட்டுக்கும் வயலுக்கும் உரம் அதுதான். ஆற்றுக்கு ஆபத்து என்றால் நாம் உடனே நீர் குறைவதைத்தான் நினைக்கிறோம். மேகாங்கில் நடப்பது வேறு. ஒரு ஆண்டின் மொத்த நீர் அப்படியே இருந்தாலும், அதன் நேரமும் வண்டலும் வழியும் கெட்டுப்போனால் ஆறு கெட்டுப்போகும்.

நேரத்தைக் கெடுப்பவை பெரிய அணைகள். சீனா லான்சாங்கின் மேல் 1990களில் மான்வான் அணையில் தொடங்கி இன்று பத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகளைக் கட்டியிருக்கிறது. அவற்றில் இரண்டுதான் பூதங்கள்: சியாவ்வான், நுவோஜாடு. சியாவ்வான் 292 மீட்டர் உயரம். அது தேக்கும் நீர் ஏறத்தாழ 1,500 கோடி கன மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 530 டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நுவோஜாடு அதைவிடப் பெரியது.

இந்த அணைகள் நீரைக் குடித்துவிடுவதில்லை. மின்சாரம் எடுத்துவிட்டு விடத்தான் செய்கின்றன. மழைக்காலத்தில் நிரப்பி, கோடையில் திறக்கின்றன. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது, வெள்ளம் குறையும், கோடையில் நீர் கிடைக்கும். கோடையில் கடலோர வியட்நாமுக்கு இதனால் நன்மையும் உண்டு. 2016 மார்ச் வறட்சியின்போது வியட்நாம் கேட்டதன் பேரில் சீனா ஜிங்ஹோங் அணையிலிருந்து நீர் திறந்துவிட்டது. ஆனால் நம் மீனுக்கு வேண்டியது மழைக்காலத்து உச்சம். மேகாங்கின் மட்டம் போதுமான அளவு உயரவில்லை என்றால் டோன்லே சாப் திரும்பாது. 2019இல் மழையும் பொய்த்தது, மேலே அணைகளும் நீரைப் பிடித்துவைத்தன. ஜூலையில் ஆறு வரலாறு காணாத அளவுக்கு இறங்கியது. ஏரிக்குள் நீர் பல வாரம் தாமதமாகப் போனது. எவ்வளவு பழி மழைக்கு, எவ்வளவு பழி அணைக்கு என்ற வாதம் அப்போது சூடாக நடந்தது. இரண்டும் சேர்ந்தே அடித்தன என்பதுதான் என் கருத்து. வறட்சி ஆண்டில் பிடித்துவைக்கும் ஒவ்வொரு அடி நீரும் நல்ல மழை ஆண்டில் பிடிப்பதைவிட அதிகம் வலிக்கும்.

வழியை அடைப்பவையும் அணைகள்தான். லாவோஸ் தன்னைத் தென்கிழக்கு ஆசியாவின் பாட்டரி என்று சொல்லிக்கொள்கிறது. கடற்கரை இல்லாத, வருமானத்துக்கு வேறு வழி குறைந்த நாடு. மலையும் ஆறும் உண்டு. பக்கத்தில் மின்சாரம் வாங்கத் தாய்லாந்து உண்டு. அவர்கள் கணக்கு புரியாமல் இல்லை. 2019 அக்டோபரில் சாயபுரி அணை இயங்கத் தொடங்கியது. அதன் 1,285 மெகாவாட்டில் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போகிறது. சில மாதத்தில் கோன் அருவிகளில் டோன் சாஹோங் அணையும் வந்தது. அது 260 மெகாவாட் மட்டும்தான். ஆனால் அது உட்கார்ந்த இடம் முக்கியம். கோன் அருவிகளில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளில் விழுகிறது. கோடையிலும் மீன் ஏறிப் போகத் தோதான கிளை ஹூ சாஹோங். அணை கட்டியது அந்தக் கிளையில்தான். பக்கத்துக் கிளைகளில் பாறைகளை வெட்டி மீன்களுக்கு மாற்று வழி செய்திருக்கிறார்கள்.

சாயபுரியிலும் மீன்களுக்கு ஏணி உண்டு. நீரைப் படிப்படியாகத் தேக்கி, மீன் தாவித் தாவி மேலே போக வைக்கும் அமைப்பு. வட அமெரிக்காவில் சால்மன் மீனுக்காகப் பெரிதும் பயன்படும் யோசனை இது. சால்மன் வலுவான மீன், தாவும். மேகாங்கில் ஆயிரம் வகை மீன்கள். விரல் நீள ரியலும் உண்டு, 300 கிலோ எடைக்கு வளரும் ராட்சதக் கெளுத்தியும் உண்டு. அடியில் ஊர்வதும் மேலே நீந்துவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே ஏணி எப்படிப் பொருந்தும்? மேலே ஏறினாலும் கீழே வரும் கதை இன்னும் மோசம். குஞ்சுகள் ஓட்டத்தில் மிதந்து வர வேண்டியவை என்று பார்த்தோம். அணைக்குப் பின்னால் நீர் ஓடாமல் நிற்கிறது. நின்ற நீரில் அவை அடியில் போய்ச் சாகும், மிச்சம் டர்பைன் வழியாகப் போக வேண்டும்.

துணையாறுகளில் உள்ள அணைகளை இங்கே எண்ணவே இல்லை. அவை நூற்றுக்கும் மேல். 2018 ஜூலை 23ஆம் தேதி லாவோஸின் அட்டாபூ மாகாணத்தில், கட்டுமானத்தில் இருந்த சே பியான் சே நம்நோய் திட்டத்தின் துணை அணை ஒன்று உடைந்து ஊர்களை அடித்துக்கொண்டு போனது. 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு இழந்தார்கள்.

மூன்றாவது, வண்டல். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருமுறை மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2019 கடைசியில் தாய்லாந்தின் நக்கோன் பனோம் பக்கம் மேகாங் நீலமாக மாறியது. கடல்போல, கண்ணாடிபோல. மக்கள் கரைக்கு வந்து படம் எடுத்தார்கள். ஆற்றை அறிந்தவர்கள் பதறினார்கள். அந்த நீர் அழகாக இருந்ததற்குக் காரணம் அதில் மண் இல்லாததுதான். மேகாங்கின் மொத்த நீரில் சீனப் பகுதியிலிருந்து வருவது ஆறில் ஒரு பங்குதான். வண்டலிலோ ஏறத்தாழ பாதி அங்கிருந்து வந்தது. இமயத்தை ஒட்டிய செங்குத்து மலைகள் கரைந்து வந்த மண் அது. அணையில் நீர் நின்றதும் மண் அடியில் படிந்துவிடுகிறது. வெளியே வருவது தெளிந்த நீர்.

தெளிந்த நீருக்கு ஆற்றியல் அறிஞர்கள் வைத்த பெயர் பசித்த நீர். ஓடும் நீருக்கு மண்ணைச் சுமக்கும் பலம் எப்போதும் இருக்கிறது. சுமக்க மண் இல்லாதபோது அந்தப் பலத்தால் கரையையும் அடியையும் அரித்து எடுத்துக்கொள்கிறது. அதோடு மணல் அள்ளுவதும் சேர்ந்துகொண்டது. கம்போடியாவிலும் வியட்நாமிலும் நகரங்கள் கான்கிரீட்டில் எழும்ப எழும்ப, ஆற்று மணலைக் குழாய் வைத்து உறிஞ்சும் படகுகள் இரவு பகலாக ஓடுகின்றன. 2017 ஏப்ரலில் வியட்நாமின் அன் ஜியாங் மாகாணத்தில், சோ மோய் பகுதியில் கரை இடிந்து ஒரே காலையில் பல வீடுகள் ஆற்றுக்குள் போயின. மணல் குறித்து இன்னொரு கோணம் சமீபத்தில்தான் நன்றாகப் புரிந்திருக்கிறது. ஆற்றின் அடி தாழ்ந்தால், அதே அளவு நீர் வந்தாலும் அதன் மட்டம் முன்பைவிடக் கீழே நிற்கும். மட்டம் கீழே நின்றால் டோன்லே சாப் ஏரிக்குள் தள்ளும் வலு குறையும். அணையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலடியில் மணல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, கீழே கழிமுகத்துக்குப் போவோம். ஆறேழு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கிட்டத்தட்ட புனோம் பென் வரை இருந்தது. அதற்குக் கீழே இன்று வியட்நாமில் உள்ள சுமார் 40,000 சதுர கிலோமீட்டர் நிலமும் மேகாங் கொண்டுவந்து கொட்டிய மண். அங்கே ஏறத்தாழ 1.7 கோடி மக்கள் வாழ்கிறார்கள். வியட்நாமின் நெல்லில் பாதி அங்கே விளைகிறது. நம் ஊர் ஓட்டல்களில் முள் இல்லாத மீன் துண்டாக வரும் பாசா மீனின் தாயகமும் இதுதான். அந்த ராட்சதக் கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம் அது.

கழிமுக மண் புதியது, இறுகாதது. அது தன்போக்கில் மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுதோறும் வெள்ளம் ஒரு படலம் வண்டலைப் போர்த்தி அதை ஈடு செய்தது. இப்போது வண்டல் குறைந்துவிட்டது. வருவதும் வயலுக்குள் நுழைவதில்லை, மூன்றாம் போக நெல்லுக்காக உயரமான கரைகள் கட்டி வெள்ளத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். சில இடங்களில் நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. கடல் உயர்வதைவிட இது பல மடங்கு வேகம். கழிமுகத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து 80 சென்டிமீட்டர் அளவுதான் என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஒரு சாப்பாட்டு மேசையின் உயரம்.

அதனால் கோடையில் உப்பு உள்ளே வருகிறது. ஆழமாகிப்போன ஆற்றின் அடி வழியாக ஓதம் முன்பைவிட எளிதாக ஏறுகிறது. 2020 மார்ச்சில் ஐந்து மாகாணங்கள் அவசர நிலை அறிவித்தன. அவற்றில் ஒன்று தென்னைக்குப் பேர்போன பென் சே. அங்கே குழாய் நீரே உப்புக் கரித்தது. ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் குடிநீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அந்தக் கழிமுகத்தில் வெள்ளத்துக்கு வெள்ளம் என்று பெயர் இல்லை. மிதக்கும் நீர்ப் பருவம் என்பார்கள். அந்தப் பருவத்தில் கா லின் என்ற சிறு மீன் ஆற்றோடு வரும். அகத்திக்கு உறவான சித்தகத்தியின் மஞ்சள் பூ அதே வாரங்களில் வாய்க்கால் ஓரமெல்லாம் பூக்கும். மீனையும் பூவையும் புளிப்பான சாற்றில் போட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். ஆண்டு முழுக்க அதற்காகக் காத்திருப்பார்கள். கா லின் வேறு மீன் இல்லை. கம்போடியாவில் ரியல் என்று நாம் பார்த்த அதே மீன் இனம்தான், எல்லை தாண்டியதும் பெயர் மாறிவிட்டது. சமீப ஆண்டுகளில் நீர் தாமதமாக வருகிறது, குறைவாக வருகிறது. மீனும் குறைந்து, விலை ஏறிவிட்டது.

ஆறு நாடுகளும் உட்கார்ந்து பேச முடியாதா என்று தோன்றும். கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நான்கும் சேர்ந்து 1995இல் மேகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. முதன்மை ஆற்றில் அணை கட்டும் நாடு முன்கூட்டியே தெரிவித்து, மற்றவர்களோடு கலந்து பேச வேண்டும். ஆனால் யாருக்கும் தடுக்கும் உரிமை இல்லை. சாயபுரியில் அதுதான் நடந்தது, எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள், அணை எழும்பியது. இப்போது லுவாங் பிரபாங் அருகே அடுத்த அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. சீனாவும் மியான்மரும் உறுப்பினர்களே இல்லை. மழைக்கால நீர் அளவுகளை மட்டும் தந்துவந்த சீனா, 2020 முதல் ஆண்டு முழுவதுமான அளவுகளைத் தர ஒப்புக்கொண்டது. சின்ன விஷயம்போலத் தெரியலாம். கீழே வலை போடுகிறவருக்கு நாளை நீர் ஏறுமா இறங்குமா என்பது சின்ன விஷயம் இல்லை.

தடுத்து நிறுத்திய கதைகளும் உண்டு. பெரிய கப்பல்கள் போக வடதாய்லாந்தில் ஆற்றுப் பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கும் திட்டம் இருந்தது. அந்தப் பாறை இடுக்குகள்தான் மீன்கள் முட்டையிட்டு ஒதுங்கும் இடம். சியாங் கோங் ஊரின் முன்னாள் ஆசிரியர் நிவாட் ராய்கேவ் ஊர்மக்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார். அங்கே அவரை குரு டீ என்பார்கள். குரு என்றால் அங்கேயும் ஆசிரியர்தான். 2020 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு திட்டத்தைக் கைவிட்டது. 2022இல் அவருக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. கம்போடியாவும் 2020இல், பத்து ஆண்டுக்கு மேகாங் முதன்மை ஆற்றில் அணை கட்டுவதில்லை என்று அறிவித்தது. ரியல் மீன்கள் முட்டையிடும் அந்த ஸ்டுங் டிரெங், கிராட்டியே பகுதிதான் அதனால் தப்பித்திருக்கிறது.

அதே ஸ்டுங் டிரெங்கில் 2022 ஜூனில் ஒரு மீனவரின் தூண்டிலில் திருக்கை ஒன்று மாட்டியது. 300 கிலோ. உலகில் இதுவரை எடை போட்டுப் பதிவான நன்னீர் மீன்களில் அதுதான் பெரியது. உருண்டையான உடம்பைப் பார்த்து ஊர்க்காரர்கள் போராமி என்று பெயர் வைத்தார்கள். கம்போடியாவின் கெமர் மொழியில் முழுநிலவு. நம் பௌர்ணமிக்கும் அதற்கும் மூலம் ஒன்றுதான். உடம்பில் ஒரு கருவியைப் பொருத்தி ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். 2024 டிசம்பரில் இன்னொரு ஆச்சரியம். காண்பதற்கே அரிதாகிவிட்ட ராட்சதக் கெளுத்திகள் ஆறு, ஒரு வாரத்துக்குள் கம்போடிய மீனவர்களிடம் அகப்பட்டன. பெரியது 131 கிலோ. அவற்றுக்கும் அடையாளக் குறி போட்டு நீரில் விட்டார்கள். ஏரி வடிந்து, ரியல் கூட்டங்கள் மேகாங்கை நோக்கி இறங்கும் அதே வாரங்கள் அவை.